மண் சொல்லும் சான்று

நுழையும்முன்
நிலத்தில் கலந்த மாசு பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதனை அறிய மண்ணையே ஆராய வேண்டும். மாசின் இயல்புக்கேற்ப மண்மாதிரி எடுக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

தீர்ப்பும் அளவீடும்
பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல், தோல் பதனிடும் தொழிலுக்கும் பெயர்பெற்ற நகரமாகும். ஆலைக் கழிவுநீரிலிருந்த உப்பும் குரோமியமும் சுற்றியுள்ள சமவெளியின் மண்ணிலும் கிணற்றுநீரிலும் கலந்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளைக் குறித்த அத்தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறி நாட்டின் சட்டத்துள் அடங்கும் என உரைத்தது. இழப்பீட்டை வரையறுக்க ஆணையம் அமைக்கவும் பணித்தது. எந்நிலம் எவ்வளவு கெட்டது என அளந்தறியாமல் இழப்பீட்டை முடிவுசெய்ய இயலாது. எனவே, அளவீடே உழவரின் சான்றாயிற்று.

தங்குவதும் ஆவியாவதும்
உப்பும் குரோமியமும் மண்ணில் தங்குபவை. மண்ணை உலர்த்திச் சலித்துச் சில நாள் கழித்து ஆய்ந்தாலும் அவற்றின் மொத்த அளவு குறையாது. எல்லா மாசும் இவ்வாறு காத்திருப்பதில்லை. தோலின் கொழுப்பை நீக்கவும், உலோக உறுப்புகளின் எண்ணெய்ப்பசையைப் போக்கவும் உலகின் பல நாடுகளில் பயன்பட்டுவந்த குளோரின் கலந்த கரைப்பான்கள் எளிதில் ஆவியாகும். டைகுளோரோமீத்தேன் 40 டிகிரி செல்சியசிலும், புற்றுநோய் உண்டாக்கும் டிரைகுளோரோஎத்திலீன் 87 டிகிரி செல்சியசிலும் கொதிக்கும். நீரைவிட அடர்த்தி மிகுந்த இவை நிலத்தடி நீருக்கும் கீழே இறங்கித் தங்கும்.

இத்தகைய மண்ணைப் பையிலிட்டு உலர்த்தினால் கரைப்பான் காற்றில் கலந்துவிடும். கெட்ட நிலம் தூய நிலமாகப் பதிவாகும். அங்குள்ள கிணற்றுநீரை மக்கள் ஐயமின்றிப் பருகுவர்.

மாதிரி எடுக்கும் முறை
ஆதலால், சிறு குழாய்க் கருவியால் மண்ணைக் கிளறாமல் ஏறத்தாழ 5 கிராம் எடுத்து, முன்னரே எடையிடப்பட்ட மெத்தனால் புட்டியில் உடனே இட்டு மூடுவர். மெத்தனால், கரைப்பானைத் தன்னுள் கரைத்து ஆவியாகாமல் காக்கும். புட்டியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அனுப்புவர். மண் இடாத மெத்தனால் புட்டி ஒன்றும் உடன் செல்லும். அதிலும் கரைப்பான் தென்பட்டால், மாசு மண்ணிலிருந்து வந்ததன்று, வழியில் கலந்தது என ஐயுறலாம்.

ஆய்வுக்கூடத்தில் வாயு வண்ணப்பிரிகைக் கருவி கரைப்பான்களைத் தனித்தனியே பிரிக்கும். நிறைநிறமாலைமானி அவற்றை இனங்கண்டு அளக்கும். அதே இடத்து மண்ணை வேறாக உலர்த்தி ஈரப்பதம் அறிந்து, ஒரு கிலோகிராம் உலர்மண்ணில் இத்தனை மில்லிகிராம் எனக் கணக்கிடுவர்.

கருவி எத்துணை நுட்பமுடையதாயினும், களத்தில் இழந்ததை ஆய்வுக்கூடத்தில் மீட்க இயலாது.