இலையைப் படித்தால் காற்று தெரியும்

திருச்சி காந்தி மார்க்கெட்டைச் சுற்றி இரவெல்லாம் சரக்கு லாரிகள் ஓய்வதில்லை. அந்தச் சாலையோரப் புங்க மரத்தில் ஓர் இலை, ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் புங்க மரத்தில் ஓர் இலை. இரண்டையும் ஒப்பிட்டாலே இரு இடங்களின் காற்றைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவீட்டுக் கருவிகள் நகரில் சில இடங்களில்தான் இருக்கின்றன. மரங்களோ தெருவுக்குத் தெரு நிற்கின்றன. துளிர்த்த நாள் முதல் ஓர் இலை சுவாசித்த காற்றின் பாதிப்பு அதிலேயே பதிகிறது.

இலை காட்டும் அடையாளங்கள்

இலையின் நுண்துளைகள் வழியே நச்சு வாயுக்கள் உள்ளே போகின்றன. கந்தக டை ஆக்சைடு மிகுந்தால் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி வெளுக்கும். ஓசோன் மேற்பரப்பில் புள்ளிப் புள்ளியாகக் கறை படியச் செய்யும். புழுதி வெயிலை மறைத்துத் துளைகளை அடைக்கும், பச்சையம் குறையும்.

ஆனால் தண்ணீர் இல்லாவிட்டாலும் பூச்சி தாக்கினாலும்கூட இலை மஞ்சளாகும். எனவே கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது. 1983-இல் இந்திய ஆய்வாளர்கள் சிங், ராவ் இருவரும் 'காற்று மாசு தாங்குதிறன் குறியீட்டை' வகுத்தார்கள். இலையின் பச்சைய அளவோடு இலைச்சாற்றின் அமில-காரநிலையைக் கூட்டி, வைட்டமின் சி அளவால் பெருக்கி, நீர்ப்பதத்தைச் சேர்த்துப் பத்தால் வகுக்க வேண்டும். எண் கூடினால் மரம் மாசைத் தாங்கும். குறைந்தால் மாசை முதலில் காட்டிக்கொடுக்கும். கல்லூரி ஆய்வகத்திலேயே இதைச் செய்துவிடலாம்.

கையில் இருக்கும் புதையல்

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967-இல் தாவரவியலாளர் கே.எம்.மேத்யூ தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது. உலர்த்திக் காத்த இலைகளின் மதிப்பை 1987-இல் இங்கிலாந்தின் தாவரவியலாளர் வுட்வர்ட் நிரூபித்தார். பழைய இலைகளின் நுண்துளைகளை எண்ணி, 200 ஆண்டுகளில் அவை சுமார் 40 சதவீதம் குறைந்ததைக் காட்டினார். காற்றில் கரியமில வாயு கூடியதே காரணம்.

இதே வழியில் திருச்சியின் தாவரவியல் மாணவர்களும் ஆண்டுக்கு இரண்டு முறை, சித்திரைப் புழுதியிலும் ஐப்பசி மழைக்குப் பின்னும், ஒரே இன மரங்களில் ஒரே உயரத்து முதிர்ந்த இலைகளைச் சேகரிக்கலாம். மெயின்கார்டு கேட், காந்தி மார்க்கெட், அம்மா மண்டபம், திருவானைக்காவல் என இடம்வாரியாக இலைகளின் குறியீட்டைப் பதிவு செய்தால் தெருவாரியான மாசு வரைபடம் கிடைக்கும். தாங்கும் மரங்களை லாரிச் சாலைகளில் நடவும், எந்தத் தெருவில் போக்குவரத்தைக் குறைப்பது என்று முடிவெடுக்கவும் மாநகராட்சிக்கு அது ஆதாரமாகும். வரும் சித்திரையிலேயே இதைத் தொடங்க வேண்டும்.