சுருள் கூந்தலும் மூங்கிற் சீப்பும்

மூணாற்றுத் தோட்டங்களிலும் பாலக்காட்டிலும் வாழும் நம் குடும்பங்களில், சுருள்முடியுடன் பிறந்த பெண் படும் பாடு சொல்லுந்தரமன்று. 'பரட்டை' என்னும் பட்டப்பெயர் பள்ளிக்குச் செல்லுமுன்பே கிட்டிவிடுகிறது. பருவம் எய்தியதும் அழகு நிலையத்தில் முடியை நேராக்கிக்கொள்ள விழைகிறாள், பெற்றோரும் இசைகின்றனர். அம்மருந்துகள் சிலவற்றினின்று சூட்டில் எழும் ஃபார்மால்டிஹைடு ஆவி கண்ணையும் மூச்சையும் வருத்தும். அது புற்றுநோய் விளைவிக்கும் பொருளென 2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் வகைப்படுத்தியது. இத்தனைக்கும், வேரிலிருந்து புதிதாய் வளர்வது மீண்டும் சுருளே!

நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் மலைகளில் வாழும் காடர்களுள் சுருண்ட கூந்தலுடையார் பலர். மணமகன் தன் கையாலேயே மூங்கிற் சீப்பொன்று செதுக்கி, அதிற் கோலங்கள் கீறி, மணமகளுக்கு அளிப்பது அவர்தம் வழக்கமாயிருந்தது. அவள் அதனைக் கொண்டையிற் செருகிக்கொள்வாள். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலிலும் இச்சீப்பு இடம் பெற்றுள்ளது. நகை என்றால் இதுவன்றோ நகை!

சுருள்முடி வளைந்து செல்வதால், தலையில் ஊறும் எண்ணெய்ப்பசை நுனிவரை எளிதில் இறங்குவதில்லை. ஆகவே விரைவில் உலர்ந்து சிக்குண்ணும். உலர்ந்த முடியை நெருங்கிய பற்களுடைய சீப்பால் இழுப்பதே நம் இல்லங்களில் நிகழும் கொடுமை. குளிக்குமுன் தேங்காயெண்ணெய் தடவுக. அது முடியின் புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறதென 2003-இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. சோப்பினை விடுத்து, கேரளத்தார் செய்வதுபோல் செம்பருத்தியிலைத் தாளியால் அலசலாம். ஈரமிருக்கையிலேயே பல் அகன்ற சீப்பால், நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேனோக்கிச் சிக்கெடுத்து, துண்டால் ஒற்றித் தானே உலரவிடுக.