மாளிகை மட்டும் போதுமா? தீம் பார்க்குகள் விற்கும் வரலாறு

2023 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில், ஒரு படகுச் சவாரிக்காக மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். 'ஸ்ப்ளாஷ் மவுண்டன்' என்ற அந்தச் சவாரி ஜனவரி 23 முதல் நிரந்தரமாக மூடப்படும் என்று அறிவித்திருந்தார்கள். சவாரி ஓடிய கால்வாயின் தண்ணீர் இது என்று சொல்லி, பாட்டிலில் அடைத்து ஈபே தளத்தில் விலை வைத்தவர்களும் உண்டு.

ஒரு கேளிக்கைச் சவாரிக்கு இத்தனை கண்ணீரா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அதை மூடவைத்த பின்னணியில் இருந்தது அடிமை முறை. 2020-இல் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலர் கையில் கொல்லப்பட்ட பின் எழுந்த போராட்டங்களின்போது, சவாரியை மாற்றச் சொல்லி 20,000 பேருக்கு மேல் இணையத்தில் மனுவில் கையெழுத்திட்டார்கள். மாற்றுகிறோம் என்று அந்த ஜூன் மாதமே டிஸ்னி அறிவித்தது. வரலாற்றை அழிக்கிறார்கள் என்று ஒரு சாரார் கொதித்தார்கள். இனவெறியின் மிச்சம் ஒழிந்தது என்று இன்னொரு சாரார் மகிழ்ந்தார்கள். இரு சாராரும் ஒன்றைப் பார்க்கத் தவறினார்கள். அந்தச் சவாரியில் வரலாறு இருந்ததே இல்லை. 1989-இல் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் முதன்முதலாகத் திறந்தபோதே அதை நன்றாகக் கழுவித் துடைத்துத்தான் வைத்திருந்தார்கள்.

முயலின் கதை

ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகையாளர். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், ஜார்ஜியா மாநிலத்தில் டர்ன்வோல்ட் என்ற பண்ணையில் அச்சுக்கூடத்துப் பையனாக வேலை பார்த்தவர். அங்கே அடிமைகள் சொல்லக் கேட்ட கதைகளைப் பின்னாளில் 'அங்கிள் ரீமஸ்' என்ற கற்பனைக் கிழவரின் வாயிலாக எழுதினார். முதல் தொகுப்பு 1880-இல் வந்தது.

கதைகளின் நாயகன் ஒரு முயல். உடல் வலு இல்லை, ஆனால் நரியையும் கரடியையும் ஏய்த்துத் தப்பிவிடும். சிங்கத்தைக் கிணற்றில் குதிக்கவைத்த முயலின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது பழகிய ஆள்தான். தார் பூசிய பொம்மையில் முயல் ஒட்டிக்கொள்ளும் புகழ்பெற்ற கதைக்கு இந்தியாவில்தான் வேர் என்று வாதிட்ட நாட்டாரியல் ஆய்வாளர்கள்கூட இருந்திருக்கிறார்கள். ஆனால் சாட்டைக்கு அஞ்சி வாழ்ந்தவர்கள் தங்களுக்குள் அதைச் சொல்லிக்கொண்டபோது அதன் காரம் வேறு. நரி யார், கரடி யார் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கதைகளை வைத்து டிஸ்னி 1946-இல் 'சாங் ஆஃப் தி சவுத்' என்ற படத்தை எடுத்தது. பண்ணை அழகாக இருக்கிறது. கறுப்பினத் தொழிலாளர்கள் பாடிக்கொண்டே வேலைக்குப் போகிறார்கள். கதை நடப்பது அடிமை முறை ஒழிவதற்கு முன்பா, பின்பா என்பதைக்கூடப் படம் தெளிவாகச் சொல்வதில்லை. கலைநயத்தைப் பாராட்டிய என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பினத்தவர் உரிமை அமைப்பே, எஜமானுக்கும் அடிமைக்கும் இருந்த உறவைப் படம் தேனும் பாலுமாகக் காட்டுகிறது என்று அந்த ஆண்டே கண்டித்தது. ரீமஸாக நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட், படம் முதலில் திரையிடப்பட்ட அட்லாண்டா விழாவில் கலந்துகொள்ளவில்லை. அந்த நகரத்தில் அன்று இனப்பிரிவினை அமலில் இருந்தது. அவருக்கு 1948-இல் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தார்கள். சில மாதங்களில் இறந்துபோனார்.

கண்டனம் ஓயவில்லை. அமெரிக்காவில் இப்படத்தை முழுமையாக வீடியோவாகவோ டிவிடியாகவோ டிஸ்னி விற்றதே இல்லை. கடைசியாகத் திரையரங்குக்கு வந்தது 1986-இல். அதற்கு மூன்றே ஆண்டுகள் கழித்துத்தான் ஸ்ப்ளாஷ் மவுண்டன் திறக்கப்பட்டது. ரீமஸ் கிழவரை எடுத்துவிட்டார்கள். பண்ணையை எடுத்துவிட்டார்கள். தார் பொம்மை வம்பு வேண்டாமென்று அந்த இடத்தில் தேனை வைத்தார்கள். முயல், நரி, கரடி பொம்மைகளும், ஆஸ்கர் வாங்கிய பாட்டும், சுமார் 50 அடி உயரத்திலிருந்து தண்ணீரில் விழும் கிலியும் மிஞ்சின. வெளியில் காட்டக் கூசிய படத்தின் பாட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே ஒலித்தது. படகில் ஏறிய குழந்தைகளில் பெரும்பாலோர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை.

அப்படியென்றால் 2023-இல் அழிந்தது வரலாறு என்று எப்படிச் சொல்வது? யாருடைய கதைகளோ அவர்களின் சுவடு அதற்கு முன்பே போய்விட்டது.

இரண்டாவது சலவை

அதே கால்வாயில், அதே தண்ணீரில், 2024 ஜூன் 28 அன்று ஃபுளோரிடாவில் 'டியானாஸ் பேயூ அட்வெஞ்சர்' வந்தது. கலிஃபோர்னியாவில் அந்த ஆண்டு நவம்பரில் திறந்தார்கள். டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசியான டியானா, 2009-இல் வந்த 'தி பிரின்சஸ் அண்ட் தி ஃபிராக்' படத்தின் நாயகி. 1920-களின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சொந்தமாக உணவகம் நடத்தக் கனவு காணும் உழைப்பாளிப் பெண். சவாரியில் அவள் மார்டி கிரா திருவிழா விருந்துக்கு இசைக் கலைஞர்களைத் தேடிப் போகிறாள். சதுப்பு நிலத்து விலங்குகள் வாத்தியம் வாசிக்கின்றன. வில்லன்கூடக் கிடையாது.

தன்னைப் போன்ற ஒருத்தியை நாயகியாகப் பார்க்கும் கறுப்பினச் சிறுமிக்கு அது எத்தனை பெரிய விஷயம் என்பதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பழைய சவாரியைவிட இது மேல் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 1920-களின் நியூ ஆர்லியன்ஸ் என்பது வெறும் ஜாஸ் இசையும் விருந்தும் அல்ல. ஹோமர் பிளெஸி என்பவர் 1892-இல் வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் உட்கார்ந்து கைதானது அந்த நகரத்தில்தான். அந்த வழக்கில்தான் 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனப்பிரிவினைக்குச் சட்ட முத்திரை குத்தியது. டியானாவின் காலத்தில் கறுப்பினத்தவருக்கு ரயிலில் தனிப் பெட்டி, பள்ளி தனி, சாப்பிட உட்காரும் இடமும் தனி.

டியானா பாத்திரத்துக்குத் தூண்டுதலாகச் சொல்லப்படுபவர் லியா சேஸ், அந்நகரின் புகழ்பெற்ற சமையல் கலைஞர். 2019-இல் மறைந்தார். அவருடைய 'டூக்கி சேஸ்' உணவகத்தில், 1960-களில், சட்டம் தடுத்திருந்தும் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து உரிமைப் போராட்டத்துக்குத் திட்டம் போட்டார்கள். அந்த வாழ்க்கையிலிருந்து சவாரிக்கு வந்து சேர்ந்தது சமையல் மணம் மட்டும்தான்.

1994-இல் வர்ஜீனியாவில்

வலியை மறைக்காமல் காட்டினால் என்ன என்ற கேள்விக்கு ஒரே மாநிலத்தில், ஒரே இலையுதிர் காலத்தில் இரண்டு விடைகள் கிடைத்தன. இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

முதலாவது, 'டிஸ்னிஸ் அமெரிக்கா'. வாஷிங்டனுக்கு மேற்கே ஹேமார்க்கெட் என்ற சிற்றூரில், சுமார் 3,000 ஏக்கரில், அமெரிக்க வரலாற்றுக்கென்றே ஒரு தீம் பார்க் கட்டப்போவதாக 1993 நவம்பரில் டிஸ்னி அறிவித்தது. செலவு 65 கோடி டாலர் என்றார்கள். தொழிற்புரட்சிக்கு ஒரு ரோலர் கோஸ்டர், குடியேறிகளுக்கு ஒரு பகுதி, உள்நாட்டுப் போருக்கு ஒரு கோட்டை. அடிமையாக இருப்பதும் அங்கிருந்து தப்பி ஓடுவதும் எப்படி இருக்கும் என்று பார்வையாளர்களை உணரவைப்போம் என்று திட்டத்தின் வடிவமைப்பாளர் பேட்டி கொடுத்தார். அந்த வாக்கியத்தில்தான் வினை தொடங்கியது.

டேவிட் மெக்கல்லோ, ஜேம்ஸ் மெக்ஃபர்சன் போன்ற வரலாற்றாசிரியர்கள் திரண்டார்கள். உள்நாட்டுப் போரின் இரண்டு பெரிய சண்டைகள் நடந்த மனாசஸ் போர்க்களம் பக்கத்திலேயே இருந்தது. அடிமை முறையை நாவலாக எழுதியவரான வில்லியம் ஸ்டைரன், அந்த அனுபவத்தைக் காட்சிப்பொருளாக்க முடியாது என்று நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அக்கம்பக்கத்துப் பணக்கார நில உடைமையாளர்களுக்குப் போக்குவரத்து நெரிசல் கவலை. அவர்களின் பணமும் எதிர்ப்புக்குத் துணை நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1994 செப்டம்பர் 28 அன்று டிஸ்னி பின்வாங்கியது.

பன்னிரண்டே நாள் கழித்து, அக்டோபர் 10 அன்று, அதே வர்ஜீனியாவின் காலனியல் வில்லியம்ஸ்பர்க்கில் நான்கு 'அடிமைகள்' தெருவில் ஏலம் விடப்பட்டார்கள். அது ராக்ஃபெல்லர் பணத்தில் மீட்டெடுக்கப்பட்ட 18-ஆம் நூற்றாண்டு நகரம்; அக்கால உடையணிந்த நடிகர்கள் உலவும் திறந்தவெளி அருங்காட்சியகம். அந்நூற்றாண்டில் ஊரில் பாதிப் பேர் கறுப்பினத்தவர். ஆனாலும் பல பத்தாண்டுகளாக அங்கே அடிமைகளைப் பற்றிப் பேச்சே இருந்ததில்லை. கறுப்பினத்தவர் வரலாற்றைச் சொல்லும் நிகழ்ச்சிகள் 1979-இல்தான் தொடங்கின. 1994-இல் அந்த நிகழ்ச்சிகளுக்கான பிரிவின் தலைவராக இருந்த கிறிஸ்டி கோல்மன், தானே கறுப்பினப் பெண். ஏலக் காட்சியை முன்னின்று நடத்தி, அடிமைப் பெண்ணாகத் தானும் நடித்தார்.

என்.ஏ.ஏ.சி.பி.யினர் எதிர்த்தார்கள். சுமார் 2,000 பேர் கூடிவிட்டார்கள். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கோல்மன் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார். கணவன் ஓர் எஜமானுக்கும் மனைவி வேறோர் எஜமானுக்கும் விலைபோனார்கள். முடிந்தபோது பலர் அழுதுகொண்டிருந்தார்கள். எதிர்க்க வந்த என்.ஏ.ஏ.சி.பி. நிர்வாகி ஜேக் கிரேவ்லி, நேரில் பார்த்தபின் தன் கருத்தை மாற்றிக்கொண்டதாக வெளிப்படையாகச் சொன்னார்.

சவாரி நிற்காது

டிஸ்னியை ஊர் விரட்டியது, வில்லியம்ஸ்பர்க்கின் பேச்சைக் கேட்டது. இதற்கு நிறுவனங்களின் நல்லெண்ணத்தைவிட வடிவமே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். தீம் பார்க் சவாரி என்பது மணிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தள்ளிக்கொண்டு போகும் இயந்திரம். படகு ஓரிடத்தில் நின்றால் பின்னால் பத்துப் படகு நிற்கும். பொம்மை அன்றைக்கு நூறாவது முறையாக அதே வசனத்தைப் பேசும். அதனிடம் கேள்வி கேட்க முடியாது. பத்து நிமிடத்தில் எல்லோரும் சிரித்தபடி இறங்கிக் கடைக்குள் நுழைந்தாக வேண்டும். இந்தக் கணக்குக்குள் பயத்தை அடக்கலாம், சிரிப்பை அடக்கலாம். துக்கத்தை அடக்க முடியாது. துக்கத்துக்கு நேரம் வேண்டும்.

கலிஃபோர்னியாவின் 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' சவாரியே சான்று. 1967-இல் திறந்த நாள்முதல் கடற்கொள்ளையர்கள் பெண்களைக் கட்டி ஏலம் விடுவது அங்கே நகைச்சுவைக் காட்சியாக இருந்தது. கரீபியக் கடலில் மனிதர்களை ஏலம்விட்ட வரலாறு எத்தகையது என்று யாருக்கும் நினைவு வரவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2018-இல், பெண்களுக்குப் பதில் கொள்ளைப் பொருட்களை ஏலம்விட வைத்தார்கள்.

வலியைக் காட்டிவிட்டாலே நேர்மை வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. பிரான்சின் வாண்டே பகுதியிலுள்ள 'புய் டு ஃபூ' பூங்காவுக்கு ஆண்டுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். பிரெஞ்சுப் புரட்சி அரசு அந்த மண்ணில் நடத்திய படுகொலைகளை அங்கே மறைப்பதில்லை. அதை நிறுவியவர் பிலிப் டி வில்லியே என்ற வலதுசாரி அரசியல்வாதி. அரசரும் தேவாலயமும் ஆண்ட காலமே பொற்காலம், புரட்சிதான் கேடு என்ற பார்வையைப் பூங்கா ஊட்டுகிறது என்று 2022-இல் நான்கு வரலாற்றாசிரியர்கள் ஒரு நூலே எழுதினார்கள். காயத்தைக் காட்டுவதிலும் வியாபாரமும் அரசியலும் உண்டு.

எனினும் மாற்று உதாரணமும் உண்டு: நியூ ஆர்லியன்ஸுக்கு மேலே மிசிசிப்பிக் கரையில் விட்னி என்ற பழைய கரும்புப் பண்ணை இருக்கிறது. சுற்றுவட்டாரப் பண்ணை மாளிகைகள் பலவும் திருமண மண்டபங்களாகச் சம்பாதிக்கையில், இது 2014-இல் அடிமைகளின் வரலாற்றை மட்டுமே சொல்லும் அருங்காட்சியகமாகத் திறந்தது. மாளிகை அங்கே பக்கக் கதை. டிக்கெட் அங்கேயும் உண்டு, கூட்டமும் வருகிறது.

நமக்கு நேரடி உறவுள்ள இடம் தாய்லாந்தின் காஞ்சனபுரி. 1942-43-இல் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில், மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். இறந்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் என்பது ஒரு மதிப்பீடு. இன்று அந்தப் பாதையில் சுற்றுலா ரயில் ஓடுகிறது. ஆண்டுதோறும் குவாய் ஆற்றுப் பாலத்தில் வாணவேடிக்கையோடு ஒலி-ஒளிக் காட்சி நடக்கிறது. நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பால்மரம் சீவப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் பெயரில்லாமல் புதைந்தவர்கள்.

ஆகவே கேளிக்கைக்காக வலியை நீக்கலாமா என்ற கேள்வியை நான் சற்றுத் திருப்பிக் கேட்பேன்: வலியை நீக்கிவிட்டு மற்றதை ஏன் வைத்துக்கொள்கிறீர்கள்? பண்ணை மாளிகையின் தூண்கள், நீராவிப் படகு, பாட்டு, சமையல் எல்லாம் வேண்டும். அவற்றை உண்டாக்கியவர்கள் பட்ட பாடு மட்டும் வேண்டாம் என்றால், அதைவிட நேராகக் கற்பனை உலகத்துக்கே போய்விடலாம். பேசும் எலியின் கோட்டையில் யாருக்கும் கடன் இல்லை. 1955-இல் டிஸ்னிலேண்டைத் திறந்தபோது, அமெரிக்காவை உருவாக்கிய கசப்பான உண்மைகளுக்கும் இதைக் காணிக்கையாக்குவதாக வால்ட் டிஸ்னி சொன்னார். திறப்பு விழாப் பலகையிலும் அது இருக்கிறது. அந்த வாக்கைக் காப்பாற்றச் சவாரிகளால் முடிந்ததில்லை.

கற்பனை உலகமே போதும் என்ற முடிவுக்கு நிறுவனமும் மெல்ல வருகிறதோ என்னவோ. ஃபுளோரிடா பூங்காவில் 1971 முதல் நீராவிப் படகு சுற்றிவந்த 'ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற செயற்கை ஆற்றையும், அதன் நடுவிலிருந்த டாம் சாயர் தீவையும் 2025 ஜூலை 6-உடன் மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் வரப்போவது 'கார்ஸ்' படத்தின் பேசும் கார்கள். மூடியதற்கு வரலாற்றுக் கூச்சம் காரணமல்ல, புதுச் சவாரிக்கு இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். டோக்கியோ டிஸ்னிலேண்டில் மட்டும் ஸ்ப்ளாஷ் மவுண்டன் இன்னும் பழைய முயலோடும் பழைய பாட்டோடும் ஓடிக்கொண்டிருக்கிறது.