கொடைமடமும் கொடையும்

திருவனந்தபுரத்தில் இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால், ஓடைகளின் ஓரத்திலும் நிறுத்தி வைத்த வண்டிகளின் அடியிலும் பூனைக்குட்டிகளின் ஈனக்குரல் கேட்பது வழக்கம். ஆ. மாதவன் தம் கதைகளில் நிலைநிறுத்திய சாலைக் கடைத்தெருவிலும், மீன் விற்கும் பாளையம் சந்தையிலும் பூனைகள் மனிதரை அண்டியே வாழ்கின்றன. சக்கரத்தில் கால் நசுங்கிய குட்டி ஒன்று சாலையோரத்தில் கிடக்கிறது. பலர் கடந்து போகின்றனர், ஒருவர் நிற்கிறார். அடுத்த சில மணி நேரத்தில் அவர் செய்வதைப் பொறுத்தே பெரும்பாலும் அக்குட்டி பிழைக்கும்.

மயில் போர்த்திக்கொள்ளுமா என்று எண்ணாமல் அதற்குத் தன் போர்வையை ஈந்தவன் பேகன். ஆராயாது அளிக்கும் அத்தகைய கொடையை நம் முன்னோர் 'கொடைமடம்' என்று பெயரிட்டுப் போற்றினர். பேகனின் போர்வையால் மயிலுக்குத் தீங்கு நேரவில்லை. பூனைக்குட்டியின் நிலை வேறு. அன்பினால் நாம் ஊற்றும் ஒரு கிண்ணம் பசும்பாலே அதற்கு எமனாகலாம்.

முதலில் செய்ய வேண்டியவை

காயமில்லாத குட்டியைக் கண்டவுடன் தூக்கிவிடலாகாது. தாய்ப்பூனை குட்டிகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். ஆகவே, சற்றுத் தொலைவில் நின்று கவனித்தல் நலம். காயமுற்ற குட்டியெனில் தடித்த துண்டு ஒன்றால் மூடி எடுத்து, காற்றுத்துளைகள் இட்ட அட்டைப்பெட்டியில் கிடத்த வேண்டும். முறிந்த எலும்பை நேராக்க முயலக் கூடாது.

உணவுக்கு முன்னர் அதற்குத் தேவைப்படுவது வெப்பம். பூனையின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். மிகச் சிறிய குட்டிகளால் அதனைத் தாமே காத்துக்கொள்ள இயலாது. குளிர்ந்துபோன உடலில் செரிமானமும் நடைபெறாது. வெதுவெதுப்பான நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைத்தால் போதும். சூடு மிகுந்தால் குட்டி விலகிக்கொள்ள மறுபக்கம் இடம் இருக்க வேண்டும்.

பசும்பாலில் உள்ள லாக்டோசைப் பல குட்டிகளால் செரிக்க இயலாது. அதனால் வயிற்றுப்போக்கு உண்டாகி, உடலின் நீர்ச்சத்து விரைவில் வற்றிவிடும். பூனைக்குட்டிகளுக்கென்றே தயாரிக்கப்படும் பால்மாவு செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. அதனைப் புகட்டும்போது குட்டி குப்புறப் படுத்த நிலையில் இருக்க வேண்டும். மல்லாந்து கிடந்தால் பால் நுரையீரலுக்குள் சென்றுவிடும். நினைவிழந்த குட்டிக்கு வாய்வழியாக எதனையும் கொடுக்கலாகாது.

வலியைக் குறைக்கும் எண்ணத்துடன் பாராசிட்டமால் கொடுப்பது பெருந்தவறு. அம்மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கக்கூடும். பீனால் வகைக் கிருமிநாசினிகளும் பூனைகளுக்கு நஞ்சு. மழைக்காலத்தில் காயங்களில் ஈக்கள் முட்டையிட்டுப் புழு வைப்பதுண்டு. அதற்குக் கைவைத்தியம் வேண்டாம். மருத்துவரிடம் கொண்டு செல்வதே தக்கது. திருவனந்தபுரத்தில் குடப்பனக்குன்னில் அரசின் பல்துறைக் கால்நடை மருத்துவமனை உள்ளது.

மீட்பவர் தம்மையும் காத்துக்கொள்ள வேண்டும். குட்டி கடித்தாலோ கீறினாலோ, அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் சென்று ரேபிஸ் தடுப்பூசி குறித்துக் கேட்டறிதல் இன்றியமையாதது.

சட்டம் சொல்வது

இந்நகரம் கருணையையும் கண்டிருக்கிறது, கொடுமையையும் கண்டிருக்கிறது. 2019 நவம்பரில் பால்குளங்கரையில் சினைப்பூனை ஒன்று தூக்கிலிட்டுக் கொல்லப்பட்டது. 2021 ஜூன் இறுதியில் அடிமலத்துறைக் கடற்கரையில் புரூனோ என்னும் லாப்ரடார் நாய் அடித்தே கொல்லப்பட்டது. கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட விலங்குநல வழக்கிற்கு அந்நாயின் நினைவாகப் புரூனோவின் பெயரையே சூட்டியது. அதே நீதிமன்றம் 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது தம் 3 பூனைகளுக்கு உணவு வாங்கச் செல்ல ஒருவருக்கு அனுமதி வழங்கியதும் நினைவுகூரத்தக்கது.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. அதற்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே அதற்கு முன்னோடி. 1962இல் அமைந்த இந்திய விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. எனினும் அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு முதற்குற்றத்திற்கு விதித்த அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி, விலங்கைக் கொல்வோருக்கும் ஊனப்படுத்துவோருக்கும் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

காப்பகங்களின் சுமை

மீட்டெடுத்த குட்டியைக் காப்பகத்தில் விட்டவுடன் நம் கடமை முடிந்துவிடுவதில்லை. சென்னையில் 1959இல் தொடங்கிய இந்திய புளூ கிராஸ் ஆயினும், திருவனந்தபுரத்தில் இயங்கும் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் ஆயினும், இடத்திற்கும் ஆட்களுக்கும் ஓர் எல்லை உண்டு. தடுப்பூசி முழுமை பெறாத குட்டிகள் நெரிசலான காப்பகத்தில் பான்லூகோபீனியா போன்ற தொற்றுகளுக்கு எளிதில் இரையாகின்றன. ஆகவே, சில வாரங்கள் ஒரு குட்டியை வீட்டில் வைத்து வளர்த்துத் தருவதும் பேருதவியே.

கருத்தடைக்கான செலவை ஏற்பது இன்னும் தொலைநோக்குடையது. பெண்பூனை 5 மாத வயதிலேயே சினையாகக்கூடும். சினைக்காலம் ஏறக்குறைய 9 வாரம். ஓர் அறுவை சிகிச்சை, ஓடையோரத்தில் பிறந்து மடியக்கூடிய பல தலைமுறைகளைத் தடுக்கிறது.

பணமாக உதவ விரும்புவோர் ஒன்றைக் கருத வேண்டும். உள்ளத்தை உருக்கும் படம் ஒன்று வெளியாகும்போது நன்கொடை குவிகிறது. தீவனம், மருந்து, ஊதியம் ஆகிய செலவுகளோ நாள்தோறும் வருகின்றன. ஆண்டுக்கொரு முறை பெருந்தொகை அளிப்பதைக் காட்டிலும், மாதந்தோறும் சிறுதொகை தானாகச் சென்று சேருமாறு வங்கியில் நிலையான அறிவுறுத்தல் கொடுத்துவைப்பது காப்பகம் திட்டமிட்டுச் செயல்பட உதவும்.

அளிக்கும் முன் ஆராய்தலும் வேண்டும். கணக்கு தனிநபர் பெயரில் உள்ளதா, அமைப்பின் பெயரில் உள்ளதா? அமைப்பு பதிவு பெற்றதா? கடந்த ஆண்டு எத்தனை விலங்குகள் நலம்பெற்றன, எத்தனை தத்துக் கொடுக்கப்பட்டன? நேரில் சென்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். நேர்மையான காப்பகங்கள் அதனை வரவேற்கும். வருமான வரிச் சட்டத்தின்கீழ் ஒப்புதல் பெற்ற இத்தகைய அமைப்புகளுக்கு அளிக்கும் தொகையில், பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்கள் குறிப்பிட்ட வரம்புக்கு உட்பட்டுப் பாதியைக் கழித்துக்கொள்ள வழியுண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலோ, அரிசி, துணி எனப் பொருளாகத் தந்தாலோ இச்சலுகை இல்லை. நன்கொடைச் சான்றிதழைத் தவறாமல் பெற்றுக்கொள்ள வேண்டும்.

சலுகை கிடைக்காத போதும் பொருளுதவியின் தேவை குறைவதில்லை. வீட்டில் மிஞ்சிய பழைய துண்டுகளும் அட்டைப்பெட்டிகளும் மழைக்காலக் காப்பகத்தில் மிகவும் பயன்படுகின்றன. எதுவாயினும், கொண்டுசெல்லும் முன் தேவை என்னவென்று தொலைபேசியில் ஒருமுறை கேட்டறிந்து கொடுப்போம்.