மாடியில் காளான், பக்கத்து வீட்டில் சண்டை!

மொட்டை மாடியில் கொட்டகை போட்டு சிப்பிக் காளான் வளர்க்கிறவர்களுக்கு முதல் தலைவலி, "நாத்தம் தாங்கலை சார்" என்று வரும் பக்கத்து வீட்டுக்காரர்.

குற்றவாளி காளான் அல்ல, வைக்கோல்!

வைக்கோலை ஊற வைத்து, வேக வைத்து, நிழலில் உலர்த்திப் பையில் அடைக்கிறார்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு அடைத்தால் போச்சு! காற்றில்லாமல் புளித்து 'குப்'பென்று அடிக்கும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. உள்ளங்கை ஈரமானால் போதும்.

பச்சைப் பூசணம் பிடித்த பையை "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று விடாமல் அன்றே வெளியேற்ற வேண்டும். வைக்கோல் ஊறிய தண்ணீரும் தேங்கக் கூடாது. ஊதுபத்தி கொளுத்துவதெல்லாம் கண்துடைப்பு.

நாற்றத்துக்குப் பயந்து ஜன்னலை மூடினால் வேறு வம்பு. காற்று போதாமல் காம்பு நீண்டு, குடை சிறுத்துவிடும். பிறகு யார் வாங்குவார்? எக்சாஸ்ட் பேன் வைக்கலாம். அது பக்கத்து வீட்டு சமையலறையைப் பார்த்து ஊதக் கூடாது, அவ்வளவுதான்.

நாற்றமே இல்லாத ஆபத்தும் உண்டு. முற்றிய காளான் உதிர்க்கும் வித்துத் தூள்! தினமும் மூச்சில் போனால் சிலருக்கு இருமல், காய்ச்சல், மூச்சுத் திணறல் வரும். குடையின் ஓரம் மேலே சுருளும் முன்பே பறித்துவிட வேண்டும். உள்ளே போகும்போது முகக்கவசம் கட்டாயம்.