படகில் நிற்கிற ஆள்

விசுவமடுச் சந்தியில் ரயருக்குக் காற்றடிக்கிற கொம்பிரசரும் நிலாவெளியில் சுழியோடியின் சிலிண்டரை நிரப்புகிற கொம்பிரசரும் செய்வது ஒரே வேலைதான். வெளிக்காற்றை இழுத்து, நெருக்கி, ஒரு கூட்டுக்குள் அடைக்கின்றன. கார் ரயருக்கு வளிமண்டல அமுக்கத்தைப்போல இரண்டு மடங்கு போதும். சிலிண்டருக்கு இருநூறு மடங்கு வேண்டும். இன்னொரு வித்தியாசமும் உண்டு: ரயர் மூச்சு விடுவதில்லை. பக்கத்தில் ஓடும் என்ஜினின் புகை காற்றோடு சேர்ந்து உள்ளே போனாலும் ரயருக்கு ஒன்றும் ஆகாது. மனிதனுக்கு அப்படியில்லை. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு, இரத்தத்தின் ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மேலே தலையிடியோடு போகிற அளவு, ஆழத்தில் அமுக்கம் கூடும்போது ஆளையே மயக்கிவிடும்.

கொம்பிரசரைப் படகிலேயே வைத்து ஓட்டுகிறவர்கள் அதனால்தான் காற்றை இழுக்கும் குழாயைக் காற்று வருகிற பக்கமாக உயர்த்திக் கட்டுவார்கள். ஆனால் நங்கூரம் போட்ட படகு ஒரு பக்கம் பார்த்தபடி நிற்காது. காற்றும் நீரோட்டமும் மாற அதுவும் திரும்பும். காலையில் நல்ல காற்றில் நின்ற குழாய், மத்தியானம் புகைக்குள் நிற்கலாம். கீழே இருக்கிறவருக்கு அது தெரிய வழியே இல்லை. மேலே நிற்கிறவர் பார்த்தால்தான் உண்டு. சுழியோட்டப் பாதுகாப்பு என்றவுடன் முகமூடி, துடுப்புக் காலணி, கீழே சுறா என்று பேச்சுப் போய்விடுகிறது. என் கணக்கில் அதில் பாதிக்கு மேல் படகில் நிற்கிற ஆளின் கண்ணிலும் காதிலும் இருக்கிறது.

விசுவமடு கடற்கரை ஊர் அல்ல. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் குளமும் வயலுமாக இருக்கிற ஊர். ஆனால் அதே வீதியால் கிழக்கே போனால் முடிகிற இடம் கடல். பொழுதுபோக்குக்காகச் சுழியோடுகிறவர்களை ஏற்றும் படகைப் பார்க்க அதிலிருந்து தெற்கே, திருகோணமலைப் பக்கம் இறங்க வேண்டும். அங்கே நிலாவெளிக்கு எதிரே, 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவும் அதைச் சுற்றிய பவளப்பாறைகளும் இருக்கின்றன. கோணேசர் கோயில் மலையடியில் கடலுக்குள் கிடந்த பழைய கோயிலின் தூண்களையும் ஒரு லிங்கத்தையும் 1950களில் கண்டது, ஆதர் சி. கிளார்க்கோடு இலங்கைக்கு வந்த சுழியோடி மைக் வில்சன். இன்னும் தெற்கே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் கிடக்கிறது. யப்பானிய விமானங்கள் 1942 ஏப்பிரல் 9ஆம் திகதி மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அது. ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்துக்கு 40 மீற்றர்தான் எல்லை என்பதால், அதைப் பார்க்கத் தனிப்பயிற்சி வேண்டும்.

முல்லைத்தீவுக் கரையில் சிலிண்டர் இறங்குவது பெரும்பாலும் கடலட்டைக்கு. அட்டை பிடிக்கலாமா, யார் பிடிக்கலாம், இரவில் வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பது சரியா என்று இங்கே நெடுநாளாகச் சண்டை நடக்கிறது. அது வேறு கட்டுரைக்குரிய விடயம். இறங்குகிறவரின் இரத்தத்துக்கு அவருடைய அனுமதிப்பத்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. உல்லாசப் பயணிக்கும் அட்டைக்காரருக்கும் ஒரே பௌதிகவியல்தான்.

இந்தத் தொழிலுக்கு ஒரு பழைய பள்ளிக்கூடம் இருந்தது. மன்னார்க் கரையில், மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான லெனாட் வுல்ஃப் 1906இல் அங்கே அதிகாரியாக வேலை பார்த்தார். குளிக்கிறவர் கல்லைக் காலில் கொளுவிக்கொண்டு கயிற்றோடு இறங்குவார். கயிற்றின் மறுமுனை படகில் நிற்கிறவரின் கையில் இருக்கும். கீழேயிருந்து ஒரு சுண்டு சுண்டினால் அவர் மளமளவென்று இழுத்தெடுப்பார். எவ்வளவு விரைவாக இழுக்கிறாரோ அவ்வளவுக்கு நல்லது. ஆபத்தென்றால் மேலே வா என்பதுதான் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த பாடம். மூச்சடக்கிக் குளிக்கிறவருக்கு அது சரியான பாடம். அவர் கொண்டு போனது மேலே இழுத்த ஒரே ஒரு மூச்சு. கீழே போகும்போது அது சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்கு விரியும். அதற்கு மேல் விரிய அதில் காற்று இல்லை.

சிலிண்டர் அந்தப் பாடத்தைத் தலைகீழாக்கிவிட்டது. கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். 10 மீற்றரில் சுழியோடி சிலிண்டரிலிருந்து நுரையீரல் நிறைய 6 லீற்றர் காற்றை இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூச்சை அடக்கியபடி அவர் மேலே வந்தால், அது 12 லீற்றராக விரியப் பார்க்கும். நுரையீரல் அவ்வளவுக்குத் தாங்காது, கிழியும். கிழிந்த இடத்தால் காற்று இரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகும். இதற்குப் பெரிய ஆழமும் தேவையில்லை. ஆள் உயரத் தண்ணீரிலேயே நடக்கலாம். சிலிண்டரோடு இறங்குகிறவருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, எந்த நேரத்திலும் மூச்சை அடக்காதே என்பதுதான். குளத்தில் நீந்திப் பழகிய பிள்ளைக்கு அது பழக்கத்துக்கே எதிரான கட்டளை.

அடுத்தது நைதரசன். நாம் இழுக்கிற காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அது. சாதாரணமாக உடம்பு அதைக் கண்டுகொள்வதில்லை. ஆழத்தில், அமுக்கத்துக்கு ஏற்ப அது இரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் கரைகிறது. விரைந்து மேலே வந்தால் குமிழாகிறது. இதை விளக்க எல்லோரும் சோடாப் போத்தலைத்தான் எடுப்பார்கள். அந்த உவமையில் ஒரு குறை இருக்கிறது. சோடா திறந்தவுடன் பொங்கிவிடும். உடம்பு பல நேரம் காத்திருக்கும். படகில் ஏறிச் சிரித்துக் கதைத்து, வாடிக்கு வந்து சோறு தின்று, சாய்ந்த பிறகு தோள்மூட்டு வலிக்கத் தொடங்கும். ‘சிலிண்டர் தூக்கின நோவு’ என்று எண்ணெய் பூசிக்கொண்டு படுப்பார்கள். பிறகுதான் கால் மரக்கும், சலம் போகாது.

இதற்குக் கணக்குக் கண்டுபிடிக்க உதவியவை ஆடுகள். ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்ற ஸ்கொட்லாந்து விஞ்ஞானி, பிரித்தானியக் கடற்படைக்காக ஆடுகளை இரும்பறைக்குள் அடைத்து, அமுக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். முன்னங்காலை மடக்கித் தூக்கிக்கொண்டு நின்ற ஆட்டுக்கு மூட்டில் வலி என்று அர்த்தம். அந்தக் கால்களைப் பார்த்துப் பார்த்து 1908இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட அட்டவணைதான் இன்றைய அட்டவணைகளுக்கெல்லாம் மூத்தது. இன்று பயிற்சியில் சொல்லும் அளவு, நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் விரையாமல் ஏறுவது. 5 மீற்றரில் மூன்று நிமிடம் தரிப்பது. 18 மீற்றரில் ஒருவர் ஏறத்தாழ 55 நிமிடம் இருக்கலாம் என்றால், 30 மீற்றரில் 20 நிமிடந்தான். இரண்டாம் முறை இறங்கும்போது முதல்முறை கரைந்தது உடம்பில் மிச்சமிருக்கும், அதனால் அந்த நேரம் இன்னும் குறையும். ஒரு நாளைக்குச் சிலிண்டருக்கு மேல் சிலிண்டராக மாற்றுகிற அட்டைக்காரர் தவறுவது இங்கேதான். கீழே நேரம் பார்க்க அவருக்குக் கை ஓயாது. மேலே ஒருவர் மணிக்கூடும் கொப்பியும் வைத்திருந்தால் கணக்கு நிற்கும்.

கடலின் மேற்பரப்பில் நடப்பது வேறு கதை. நீரோட்டம் சுழியோடியைக் கொண்டுபோகும். காற்று படகைக் கொண்டுபோகும். சோளகக் காலத்தில் எங்கள் கிழக்குக் கரையில் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கடல் தணிந்திருக்கும். இறங்க நல்ல காலம் அதுதான். மிதக்கிற படகை வெளியே தள்ளுவதும் அதே காற்றுத்தான். நிமிடத்துக்கு 15 மீற்றர் ஓடுகிற நீரோட்டம் என்றால், மிக மெல்லியது என்றுதான் சொல்வோம். நாற்பது நிமிடத்தில் அது ஆளை 600 மீற்றர் கொண்டுபோய்விடும். அலைக்கு மேல் தெரிவது ஒரு தலை மட்டுமே. தேங்காய் மிதப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் காண்பது கடினம். பொழுதுபோக்குப் படகுகளில் ஒவ்வொரு சுழியோடியிடமும் ஊதினால் ஆளுயரம் நிமிர்ந்து நிற்கிற செம்மஞ்சள் குழாய் ஒன்றைக் கொடுப்பது இதற்குத்தான். விலை கூடின சாமானும் இல்லை.

படகில் உள்ளவருக்கு ஆள் தெரியாததுபோல, கீழே உள்ளவருக்குப் படகு தெரியாது. என்ஜின் சத்தம் நன்றாகக் கேட்கும், ஆனால் எந்தப் பக்கமிருந்து என்று பிடிபடாது. காற்றில் ஒலி ஒரு காதுக்கு முந்தியும் மறு காதுக்குப் பிந்தியும் வருவதை வைத்து மூளை திசை கண்டுகொள்கிறது. நீரில் ஒலி நான்கு மடங்குக்கு மேல் வேகமாக, செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் போகிறது. அந்த இடைவெளி குறைந்து, சத்தம் நாலாபக்கமும் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். மேலே வந்து விசிறியில் அடிபடுகிறவர்கள் சத்தம் கேளாமல் அடிபட்டவர்கள் அல்ல. ஆட்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் என்ஜின் நிற்க வேண்டும் என்பதும், வெள்ளையும் நீலமுமான சர்வதேசக் கொடி கட்ட வேண்டும் என்பதும் இதனால் வந்த விதிகள். மற்றப் படகுக்காரருக்கு அந்தக் கொடியின் அர்த்தம் தெரியாவிட்டால் அது வெறும் துணி. எங்கள் இறங்குதுறைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று சங்கங்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

ஆளை எண்ணுவது எல்லாவற்றிலும் இலகு. அதனால்தான் அதில் பிழை விடுகிறார்கள். 1998 ஜனவரியில் அவுஸ்திரேலியாவின் பெரும் பவளப்பாறையில் ஓர் உல்லாசப் படகு, அமெரிக்கத் தம்பதியைக் கடலில் விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பியது. அவர்கள் வரவில்லை என்று தெரிந்ததே இரண்டு நாள் கழித்து, படகில் கிடந்த அவர்களுடைய பையால். அவர்கள் கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகு குயின்ஸ்லாந்தில் விதிகள் இறுகின. கலிபோர்னியாக் கரையில் 2019 செப்டெம்பர் 2ஆம் திகதி விடியப்புறம் எரிந்த ‘கொன்செப்ஷன்’ படகிலோ ஒருவருமே கடலுக்குள் இல்லை. கீழ்த்தளத்தில் நித்திரையாயிருந்த 34 பேர் இறந்தார்கள். அந்த அறையிலிருந்து வெளியேற இரண்டு வழிகள் இருந்தன, இரண்டும் போய்த் திறந்தது தீப்பிடித்த அதே கூடத்துக்குள். தீ எதனால் மூண்டது என்று விசாரணையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரவில் சுற்றிப் பார்க்க ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தும் ஒருவரும் விழித்திருக்கவில்லை என்பது மட்டும் உறுதி. படகின் தலைவருக்கு 2024இல் நான்கு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

எங்கள் ஃபைபர் படகில் படுக்கையறை இல்லை. ஆனால் பெற்றோல் கலன் இருக்கிறது, எண்ணெய்க் கை இருக்கிறது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. நான் முதலில் கேட்கப்போவது ஓர் ஒட்சிசன் சிலிண்டர். குமிழ் நோய்க்கு முதலுதவி, தூய ஒட்சிசனை உடனே கொடுப்பது. நுரையீரலில் நைதரசன் இல்லாமற் போனால், உடம்பில் தேங்கியது விரைவாக வெளியே வரும். எண்ணெய் பட்ட கையால் அதன் வாயைத் திறக்கக்கூடாது, தீப்பிடிக்கும். நிமிடத்துக்கு 15 லீற்றர் வீதம் கொடுத்தால், 1500 லீற்றர் கொண்ட சிலிண்டர் 100 நிமிடம் வரும். படகிலிருந்து கரைக்கும், கரையிலிருந்து முல்லைத்தீவு மாஞ்சோலை வைத்தியசாலைக்கும் அது போதும். அதற்குப் பிறகு அமுக்க அறை. திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் ஒன்று இருக்கிறது. 18 மீற்றர் ஆழத்துக்குச் சமமான அமுக்கத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல இறக்கி, ஐந்து மணித்தியாலம் அளவில் ஒரு தடவைச் சிகிச்சை முடியும். உல்லாசப் படகுகளில் ஒட்சிசன் பெட்டி வைத்திருப்பது உலகெங்கும் வழக்கம். அட்டைப் படகில் அதற்குக் காசு போட வேண்டியவர் சம்மாட்டி. ஒரு நாள் பிடிபாட்டின் விலையைப் பார்க்கிறவருக்கு இதைக் கேட்பது பெரிய விடயமில்லை.

வைத்தியசாலை வாசலில் வைத்தியர் கேட்கப்போகிற கேள்விகள் நான்கு: எவ்வளவு ஆழம், எத்தனை சிலிண்டர், எத்தனை மணிக்கு மேலே வந்தார், நோ எப்போது தொடங்கியது. நோயாளி பதில் சொல்கிற நிலையில் இருக்கமாட்டார். கொப்பியோடு கூடப் போக வேண்டியது படகில் நின்றவர்.