வெளியேறுவது சரி, எங்கே போவது?

2016 வாக்கெடுப்புக்கு முன் பிரிட்டனில் எல்லாவற்றையும் பேசினார்கள். ஐரோப்பிய யூனியனை விட்டுப் போன பிறகு நாட்டின் எல்லைச் சாவடி எங்கே நிற்கும் என்பதை மட்டும் பேசவில்லை. அதற்கு விடை காண ஏழு ஆண்டுகள் பிடித்தன.

வாக்குச் சீட்டில் இருந்தது ஒரே ஒரு கேள்வி. ஐக்கிய ராஜ்யம் ஐரோப்பிய யூனியனில் உறுப்பினராக நீடிக்க வேண்டுமா, யூனியனை விட்டு வெளியேற வேண்டுமா? அரசு முதலில் எழுதிய கேள்வி வேறு. 'நீடிக்க வேண்டுமா?' என்று மட்டும் கேட்டு, 'ஆம்', 'இல்லை' என்று பதில் சொல்லச் சொன்னது. அது ஒரு பக்கம் சாய்கிறது என்று தேர்தல் கமிஷன் 2015ல் கருத்துச் சொன்னது. கேள்வி திருத்தப்பட்டது. 'நீடி', 'வெளியேறு' என்ற இரண்டு வார்த்தைகளும் தராசில் சமமாக நின்றன.

ஆனால் அந்தச் சமத்துக்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. நீடிப்பது என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். 43 ஆண்டுகளாக வாழ்ந்துவந்த வாழ்க்கைதான். வெளியேறுவது என்றால் எங்கே போவது? நார்வேயைப் போல யூனியனுக்கு வெளியே இருந்துகொண்டு அதன் சந்தைக்குள் இருப்பதா? சுவிட்சர்லாந்தைப் போலத் தனித்தனி ஒப்பந்தங்கள் போட்டுக்கொள்வதா? எல்லா உறவையும் அறுத்துக்கொள்வதா? வாக்குச் சீட்டு எதையும் சொல்லவில்லை. 2016 ஜூன் 23ம் தேதி 1 கோடியே 74 லட்சம் பேர் 'வெளியேறு' என்றனர். 1 கோடியே 61 லட்சம் பேர் 'நீடி' என்றனர். 51.9 சதவீதத்துக்கு 48.1 சதவீதம். மறுநாள் காலை பிரதமர் டேவிட் கேமரன் பதவி விலகுவதாக அறிவித்தார். டாலருக்கு எதிரான பவுண்டின் மதிப்பு 1985க்குப் பிறகு காணாத அளவுக்குச் சரிந்தது.

பழைய ஊடல்

பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே என்றுமே காதல் திருமணம் இருந்ததில்லை. உள்ளே வர விரும்பியபோது பிரெஞ்சு அதிபர் ஷார்ல் தெ கோல் 1963லும் 1967லும் இருமுறை கதவைச் சாத்தினார். ஒருவழியாக 1973ல் உள்ளே நுழைந்த பிரிட்டன், இரண்டே ஆண்டுகளில் 'இருக்கலாமா, போகலாமா' என்று மக்களிடம் கேட்டது. 1975 வாக்கெடுப்பில் 67 சதவீதம் பேர் இருக்கலாம் என்றனர். அன்று இருக்க வேண்டும் என்று பிரச்சாரம் செய்தவர்களில் ஒருவர் மார்கரெட் தாட்சர். கூடாது என்று முழங்கியவர்களில் முன்வரிசையில் நின்றது லேபர் கட்சியின் இடதுசாரி அணி. 1983 தேர்தல் அறிக்கையில் லேபர் கட்சி வெளியேறுவதாகவே வாக்குறுதி தந்தது.

பிறகு காட்சி தலைகீழானது. பிரஸ்ஸல்ஸில் அதிகாரம் குவிகிறது என்று 1988ல் தாட்சர் எச்சரித்தார். வெறும் சந்தையாக இருந்ததை அரசியல் யூனியனாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம், 1990களில் கன்சர்வேடிவ் கட்சியை இரண்டாகப் பிளந்தது. 2004ல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் யூனியனில் சேர்ந்தபோது ஜெர்மனி தன் வேலைச் சந்தையை அவர்களுக்கு 2011 வரை திறக்கவில்லை. பிரிட்டன் உடனே திறந்தது. ஆண்டுக்கு அதிகபட்சம் 13,000 பேர் கூடுதலாக வருவார்கள் என்று அரசுக்கு நிபுணர்கள் கணக்குத் தந்திருந்தனர். வந்தவர்கள் அதைப் போலப் பல மடங்கு. லிங்கன்ஷையரில் காய்கறி வயல்கள் சூழ்ந்த பாஸ்டன் என்ற சிறு நகரத்துக்குப் போலந்திலிருந்தும் லித்துவேனியாவிலிருந்தும் கூலி வேலைக்கு ஆட்கள் வந்து இறங்கினர். 2016ல் அந்த வட்டாரத்தில் 75.6 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள்; நாட்டிலேயே அதுதான் அதிகம்.

இதை வெறும் வெளிநாட்டார் வெறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. தங்களை ஆளும் சட்டங்களில் ஒரு பகுதியைத் தாங்கள் வாக்களித்து மாற்ற முடியாத ஓர் இடம் தீர்மானிக்கிறது என்ற மனக்குறை உண்மையானது. 'அதிகாரத்தைத் திரும்ப எடுப்போம்' என்ற கோஷம் அந்தக் குறையைத்தான் தொட்டது. 'திரும்ப' என்ற ஒரு சொல், ஏதோ பறிபோய்விட்டது என்பதை விவாதத்துக்கே இடமில்லாமல் நிலைநாட்டிவிட்டது.

பஸ்ஸும் பயமும்

வெளியேறுவோர் அணி சிவப்பு பஸ் ஒன்றை ஊர் ஊராக ஓட்டியது. யூனியனுக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம், அதை தேசிய மருத்துவ சேவைக்குக் கொடுப்போம் என்று அதன் பக்கவாட்டில் எழுதியிருந்தது. பிரிட்டனுக்குக் கிடைத்துவந்த தள்ளுபடி கழிக்கப்படாத தொகை அது. மக்களைத் தவறாக எண்ண வைக்கும் கணக்கு என்று அரசுப் புள்ளிவிவர ஆணையமே கண்டித்தது. பஸ் நிற்கவில்லை.

நீடிப்போர் அணியும் சளைக்கவில்லை. வெளியேறினால் 2030க்குள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆண்டுக்கு 4,300 பவுண்டு நஷ்டம் என்றது நிதி அமைச்சகம். அமெரிக்க அதிபர் ஒபாமா லண்டனுக்கே வந்து, வர்த்தக ஒப்பந்தம் வேண்டுமானால் பிரிட்டன் வரிசையில் கடைசியாக நிற்க வேண்டியிருக்கும் என்றார். ஐரோப்பாவில் இருப்பதால் என்ன நன்மை என்று எடுத்துச் சொன்னவர்களைவிடப் போனால் என்ன ஆகும் என்று பயமுறுத்தியவர்களே அதிகம். நிபுணர்களைக் கேட்டுக் கேட்டு மக்கள் சலித்துவிட்டார்கள் என்று அமைச்சர் மைக்கேல் கோவ் சொன்னபோது படித்தவர்கள் சிரித்தார்கள். பாஸ்டன்காரர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். 13,000 என்று சொன்னதும் நிபுணர்கள்தான்.

விவாதம் கசப்பின் உச்சத்தை எட்டியிருந்த வேளையில், ஜூன் 16ம் தேதி, நீடிக்க வேண்டும் என்று பிரச்சாரம் செய்துவந்த லேபர் எம்.பி. ஜோ காக்ஸ் தன் தொகுதியிலேயே கொலை செய்யப்பட்டார். கொன்றவன் வெள்ளை இனவெறியன். பிரச்சாரம் சில நாட்கள் நின்றது. பிறகு தொடர்ந்தது.

இந்தியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டினர் வாக்களிக்கலாம் என்பதால், அங்கு குடியுரிமை பெறாத இந்தியருக்கும் வாக்கு இருந்தது. இருபது ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக்காரருக்கு இல்லை. போலந்திலிருந்து வருவோருக்குக் கதவை மூடினால் தெற்காசியாவிலிருந்து சமையல்காரர்களை அழைத்துவரலாம், கறி உணவகங்களைக் காப்பாற்றலாம் என்று இந்திய வம்சாவளி அமைச்சர் பிரீத்தி படேல் பிரச்சாரம் செய்தார்.

மறந்துபோன எல்லை

இத்தனை கூச்சலில் சரியாகக் காதில் விழாமல் போனது வட அயர்லாந்து. ஐக்கிய ராஜ்யம் வேறு ஒரு நாட்டுடன் 500 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் இடம் அது. எல்லைக்கு அந்தப் பக்கம், ஐரோப்பிய யூனியனில் நீடிக்கும் அயர்லாந்துக் குடியரசு. குறுக்கே 200க்கு மேற்பட்ட சாலைகள். 3,500 பேரைப் பலிவாங்கிய முப்பதாண்டு கலவரத்தின்போது அங்கே ராணுவச் சாவடிகளும் கண்காணிப்புக் கோபுரங்களும் நின்றன. பல சாலைகள் அடைபட்டுக் கிடந்தன. 1993ல் ஐரோப்பிய ஒற்றைச் சந்தை வந்ததும் சுங்கச் சாவடிகள் போயின. 1998 புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பின் ராணுவமும் போனது. இன்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனவர், வேகப் பலகையில் மைல் கிலோமீட்டராக மாறியிருப்பதைப் பார்த்துத்தான் நாடு மாறியதையே உணர்வார். டப்ளினில் காய்ச்சும் கின்னஸ் பீர் பெல்ஃபாஸ்டுக்குப் போய்ப் புட்டியில் அடைபட்டு டப்ளினுக்குத் திரும்புகிறது.

முன்னாள் பிரதமர்கள் ஜான் மேஜரும் டோனி பிளேரும் 2016 ஜூன் 9ம் தேதி டெரி நகருக்குச் சேர்ந்து போய் இந்த ஆபத்தைச் சொன்னார்கள். எதுவும் மாறாது என்றது வெளியேறுவோர் தரப்பு. விவாதம் மறுபடி பஸ்ஸுக்குத் திரும்பியது. வட அயர்லாந்து 56 சதவீதமும், ஸ்காட்லாந்து 62 சதவீதமும் நீடிக்கவே வாக்களித்தன. ஆனால் மொத்தக் கணக்கில் அவை கரைந்துபோயின.

பிரச்சினை எளிமையானது, தீர்வுதான் இல்லை. சுங்க வரியும் உணவுச் சட்டமும் வேறுபடும் இரண்டு சந்தைகளுக்கு நடுவே போகும் இறைச்சி லாரியை எங்காவது நிறுத்திப் பார்க்கத்தான் வேண்டும். பிரிட்டன் தந்த வாக்குறுதிகள் மூன்று. ஐரோப்பாவின் சுங்க அமைப்பையும் ஒற்றைச் சந்தையையும் விட்டு விலகுவோம். அயர்லாந்துத் தீவுக்குள் சாவடி வராது. வட அயர்லாந்துக்கும் மற்ற பிரிட்டனுக்கும் இடையிலும் சாவடி வராது. இவற்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் காப்பாற்றலாம். மூன்றையும் முடியாது.

கேமரனுக்குப் பின் வந்த தெரசா மே, 'பிரெக்ஸிட் என்றால் பிரெக்ஸிட்தான்' என்றார். அகராதியில்கூட இப்படிப் பொருள் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேறு வழி கிடைக்கும்வரை ஐக்கிய ராஜ்யம் முழுவதும் யூனியனோடு ஒரே சுங்க எல்லைக்குள் இருக்கும் என்ற 'பேக்ஸ்டாப்' ஏற்பாட்டுக்கு அவர் ஒப்புக்கொண்டார். கை நழுவும் பந்தைத் தடுக்கப் பின்னால் நிற்கும் ஆளுக்கு விளையாட்டில் சொல்லும் பெயர் அது. தப்ப முடியாத பொறி என்றார்கள் அவர் கட்சிக்காரர்களே. 2019 ஜனவரி 15ம் தேதி அவரது ஒப்பந்தம் 432க்கு 202 என்ற கணக்கில் தோற்றது. நவீன காலத்தில் எந்த பிரிட்டிஷ் அரசும் காணாத தோல்வி.

சரி, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று மார்ச் 27ம் தேதி நாடாளுமன்றம் தன்னையே கேட்டுக்கொண்டது. எட்டு வழிகள் முன்வைக்கப்பட்டன. எட்டும் தோற்றன. ஏப்ரல் 1ம் தேதி மறுபடி முயன்றபோது, சுங்க உறவைத் தொடரும் யோசனை மூன்றே வாக்குகளில் வீழ்ந்தது. 'வெளியேறு' என்ற சொல்லுக்குள் எத்தனை பொருள் இருந்தது என்பது, மக்கள் வாக்களித்து மூன்று ஆண்டுகள் ஆகும் தறுவாயில்தான் அவர்களது பிரதிநிதிகளுக்கே தெரிந்தது.

கடலில் விழுந்த கோடு

மே போய் போரிஸ் ஜான்சன் வந்தார். வட அயர்லாந்துக்கும் மற்ற பிரிட்டனுக்கும் இடையே எந்தக் கன்சர்வேடிவ் அரசும் சோதனைச் சாவடி வைக்காது என்று 2018 நவம்பரில் பெல்ஃபாஸ்டில் கைதட்டல் வாங்கியவர் அவர். அடுத்த அக்டோபரில் அதையே செய்து ஒப்பந்தம் முடித்தார். டிசம்பர் தேர்தலில் 80 இடப் பெரும்பான்மை பெற்றார். 2020 ஜனவரி 31ம் தேதி இரவு 11 மணிக்கு பிரிட்டன் வெளியேறியது.

கோடு ஐரிஷ் கடலில் விழுந்தது. 2021 ஜனவரி முதல் பெல்ஃபாஸ்ட், லார்ன் துறைமுகங்களில் சோதனை. சாசேஜ் போகுமா என்பது ராஜதந்திரப் பிரச்சினையானது. மண்ணோடு கூடிய பூந்தொட்டியை ஸ்காட்லாந்திலிருந்து சொந்த நாட்டின் மறுகரைக்கு அனுப்ப முடியவில்லை. பிரிட்டனோடு இணைந்திருப்பதே உயிர் என்று எண்ணும் பிராட்டஸ்டன்ட் பகுதிகளில் அந்த ஏப்ரலில் கலவரம் வெடித்தது. பெல்ஃபாஸ்டில் ஒரு பஸ் எரிக்கப்பட்டது. வெளியேறப் பிரச்சாரம் செய்த அதே டி.யு.பி. கட்சி, விளைவைக் கண்டு கொதித்து, வட அயர்லாந்தின் கூட்டாட்சியை 2022 பிப்ரவரி முதல் இரண்டு ஆண்டுகள் முடக்கியது.

2023 பிப்ரவரியில் பிரதமர் ரிஷி சுனக் வின்ட்சரில் புதிய உடன்பாடு கண்டார். வட அயர்லாந்திலேயே தங்கும் சரக்குக்குப் பச்சைப் பாதை. எல்லை தாண்டக்கூடிய சரக்குக்குச் சிவப்புப் பாதை. மறுநாள் லிஸ்பர்ன் நகரின் கோகோ கோலா ஆலையில் பேசியவர், பிரிட்டிஷ் சந்தை, ஐரோப்பியச் சந்தை இரண்டிலும் நுழையும் வாய்ப்பு உலகிலேயே உங்களுக்கு மட்டும்தான் என்று தொழிலாளர்களிடம் பெருமிதப்பட்டார். 2020 இறுதி வரை நாடு முழுவதற்கும் இருந்த வாய்ப்பு அது. அதை விட்டுவிடச் சொல்லி வாக்களித்தவர்களில் சுனக்கும் ஒருவர்.

கணக்கு வழக்கு

யூனியனில் நீடித்திருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட நீண்ட காலத்தில் உற்பத்தித் திறன் 4 சதவீதம் குறையும் என்பது பிரிட்டனின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. ஐரோப்பியர் வரவு குறைந்தது. ஆனால் இந்தியர் உள்ளிட்ட பிறரின் வரவால் நிகரக் குடியேற்றம் 2023 ஜூனில் முடிந்த ஆண்டில் 9 லட்சத்தைத் தாண்டியது. பிறகு அரசு பிடியை இறுக்கியதும் வேகமாகச் சரிந்தது. மறுபக்கம், தனி வர்த்தகக் கொள்கை சாத்தியமாயிற்று. 2025 ஜூலை 24ம் தேதி இந்தியாவோடு கையெழுத்தான ஒப்பந்தம் அதன் பலன். அமெரிக்கா அதே ஆண்டு வரிகளை உயர்த்தியபோது ஐரோப்பாவைவிட பிரிட்டனுக்குக் குறைவாகவே விதித்தது என்பதையும் வெளியேறியவர்கள் சுட்டிக்காட்டினார்கள். லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. வாக்களிக்கும் முன் இந்தப் பேரேட்டைப் பிரித்துக் காட்டத்தான் ஆளில்லை.

காட்ட முடியாதது அல்ல. 2014ல் ஸ்காட்லாந்து தனிநாடாவது பற்றி வாக்களிக்கும் முன்பு, பிரிவினை கோரிய அரசு நாணயம், எல்லை, பென்ஷன் என்று 600 பக்கங்களுக்கு மேல் ஓர் அறிக்கை வெளியிட்டது. எதிரிகள் அதைப் பக்கம் பக்கமாகக் கிழித்தார்கள். கிழிக்க ஒரு தாள் இருந்தது. 2016ல் வெளியேறச் சொன்னவர்களிடம் அரசு இல்லை. அரசில் இருந்தவர்களோ தோற்றால் என்ன செய்வது என்று அதிகாரிகளைத் திட்டமிடவே விடவில்லை. இதை மிக மோசமான கடமைத் தவறு என்று நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழு அடுத்த மாதமே குற்றம்சாட்டியது.

பிரிட்டனுக்கு முன்பும் ஐரோப்பியக் கூட்டமைப்பை விட்டு ஒரு மக்கள் கூட்டம் வெளியேறியிருக்கிறது. டென்மார்க்கின் கீழ் உள்ள கிரீன்லாந்து 1982ல் வாக்களித்து 1985ல் விலகியது. சுமார் 50,000 பேர் கொண்ட தேசம். பெரிய பிரச்சினை மீன். தங்கள் கடலில் பிறர் வலை வீசுவதைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அதைப் பெற்றார்கள், பிறகு காசு வாங்கிக்கொண்டு ஐரோப்பியப் படகுகளுக்கு அனுமதியும் கொடுத்தார்கள். என்ன வேண்டும் என்று தெரிந்து போன அவர்களுக்கே, மீன் ஒன்றைப் பேசி முடிக்க மூன்று ஆண்டுகள் ஆயின.